கை கால் நலத்தோடு எத்தனை ஆண்டு? சுங்கை சிப்புட் கேள்விக்கு ஒரு பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 58 வயது. இருபது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், இப்போது எண்ணெய்ப் பனையான செம்பனையில் குலை வெட்டுகிறார். 11 வருடமாக இனிப்புநீர் (நீரிழிவு), இரண்டு வருடமாக முட்டி வலி. மலேசியர்களின் ஆரோக்கிய ஆயுள், அதாவது ஆயுளில் நோய் முடக்கத்தைக் கழித்தது போக மிஞ்சும் ஆண்டுகள், 65.7 என்று படித்திருக்கிறீர்கள். "அப்படியென்றால் அப்பாவுக்குக் கை கால் நன்றாக இருக்கப்போவது இன்னும் ஏழெட்டு வருடம்தானா? 60-இல் தோட்டத்து வேலை முடிந்ததும் கான்ட்ராக்டரிடம் சேர்ந்து இன்னும் ஐந்து வருடம் வெட்டுவேன் என்கிறார், விடலாமா?" என்பது கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது ஒன்று. இந்த ஒரு மனிதரின் கால், கண், சிறுநீரகம் எவ்வளவு காலம் தாங்கும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு எந்தப் புள்ளிவிவரமும் பதில் சொல்லாது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். பொதுச் சுகாதாரப் புள்ளியியலும் தோட்டப்புறப் பரிசோதனை வேலையும் எனக்குப் பழக்கம் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீங்கள் படித்த 65.7, உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது. அதே ஆண்டில் மலேசியரின் சராசரி ஆயுள் 74.7. இரண்டுக்கும் இடையே 9 ஆண்டு. இங்கே எல்லோரும் தவறவிடும் விஷயம், இவை இரண்டும் பிறக்கும்போது உள்ள எதிர்பார்ப்பு என்பது. இன்று பிறக்கும் ஒரு குழந்தை, இன்றைய மரண விகிதமும் இன்றைய நோய் விகிதமும் அப்படியே நீடித்தால் எத்தனை ஆண்டு வாழும் என்ற கற்பனைக் கணக்கு அது. பிறந்த வாரத்தில் இறந்த குழந்தையும் 19 வயதில் மோட்டார் சைக்கிளில் போய் இறந்த பையனும் அந்தச் சராசரியைக் கீழே இழுக்கிறார்கள். 58 வயதை எட்டிய ஒருவர் அந்த ஆபத்துகளையெல்லாம் தாண்டி வந்தவர். அவருக்கு 65.7 கழித்தல் 58 என்று கணக்குப் போடவே கூடாது. 60 வயதை எட்டியவர்களுக்கென்று தனிக் கணக்கு உண்டு. உலக அளவில் 2019-இல் 60 வயதானவருக்கு இன்னும் 21.1 ஆண்டு ஆயுள், அதில் 15.8 ஆண்டு ஆரோக்கியம் என்று வந்தது. மலேசியா இதற்குச் சற்றுக் கீழே. எப்படிப் பார்த்தாலும் ஏழைவிட மிக அதிகம்.

இரண்டாவது தவறு, அந்த 9 ஆண்டை "கடைசி 9 வருடம் படுக்கை" என்று படிப்பது. உலகச் சுகாதார நிறுவனம் ஒருவரை ஆரோக்கியமானவர், நோயாளி என்று இரண்டாகப் பிரிப்பதில்லை. ஒவ்வொரு நோய் நிலைக்கும் 0 முதல் 1 வரை ஒரு எடை கொடுக்கிறது. முழுப் பார்வையின்மைக்குச் சுமார் 0.187. பக்கவாதத்துக்குப் பிறகான மிகக் கடுமையான நிலைக்கு 0.5-ஐத் தாண்டும். ஒருவர் பத்து வருடம் பார்வையின்றி வாழ்ந்தால் கணக்கில் கழிவது 1.87 ஆண்டுதான். பத்து வருடம் பார்வையில்லாதவரிடம் போய் "உங்களுக்கு இரண்டு வருடம்கூடக் குறையவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், அந்த எடைகளின் பலவீனம் புரியும். ஆனால் நம் கேள்விக்கு முக்கியமானது வேறு. 25 வயதுப் பெண்ணின் ஒற்றைத் தலைவலியும் 40 வயது ஆணின் இடுப்பு வலியும் அந்த 9 ஆண்டில் துண்டு துண்டாகச் சேர்ந்திருக்கின்றன. உலகில் மனிதர்களை அதிக ஆண்டுகள் முடக்கி வைப்பது முதுகு, இடுப்பு வலிதான், புற்றுநோய் அல்ல. ஆகவே அந்த 9 ஆண்டு வாழ்க்கை முழுக்கச் சிதறிக் கிடப்பது. அதில் பெரும் பங்கு வயதான காலத்தில் விழுகிறது என்பது உண்மை, முழுவதும் அங்கே விழவில்லை.

நீங்கள் உண்மையில் கேட்பது "ஊனமின்றி, பிறர் கை பிடிக்காமல்" வாழும் ஆண்டுகள். அதற்கு வேறு ஒரு கணக்குமுறை இருக்கிறது, 1971-இல் அமெரிக்காவின் சல்லிவன் வகுத்தது. மிக எளிது, கால்குலேட்டர் போதும். 60 வயதுள்ள 100 பேரை எடுத்துக்கொள்வோம் (எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, எந்த நாட்டினுடையதும் அல்ல). 60 முதல் 64 வரை அவர்கள் எல்லோரும் சேர்ந்து வாழும் ஆண்டுகள் 475. அடுத்த ஐந்தில் 420, அடுத்து 345, அடுத்து 255, 80-க்கு மேல் மொத்தமாக 405. கூட்டினால் 1,900. நூறு பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 19 ஆண்டு. இப்போது வீடு வீடாகப் போய்க் கேட்கிறோம்: எத்தனை பேர் நடக்கவோ குளிக்கவோ மிகச் சிரமப்படுகிறார்கள்? முதல் வயதுப் பிரிவில் 10 விழுக்காடு, பிறகு 15, 25, 35, கடைசிப் பிரிவில் 55 என்று வைத்துக்கொள்வோம். அந்த விழுக்காட்டைக் கழித்தால் மிஞ்சுவது 427.5, 357, 258.75, 165.75, 182.25. கூட்டி வகுத்தால் 13.9. அதாவது 19 ஆண்டில் ஏறத்தாழ 14 ஆண்டு சுயமாக, 5 ஆண்டு துணையோடு. அவ்வளவுதான் சல்லிவன் முறை. உலகின் பல அறிக்கைகள் இந்தக் கூட்டல் வகுத்தலில்தான் நிற்கின்றன.

இதில் மரணக் கணக்கு கெட்டியானது, பதிவேட்டிலிருந்து வருவது. சந்தேகம் முழுவதும் அந்த விழுக்காட்டில் இருக்கிறது. ஐ.நா. சார்ந்த வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் பல நாடுகளில் பயன்படுகின்றன: பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில் அல்லது படி ஏறுவதில், ஞாபகத்திலும் கவனத்திலும், குளிப்பது உடுத்துவது போன்ற சொந்தக் காரியங்களில், பிறரோடு பேசிப் புரிந்துகொள்வதில் உங்களுக்குச் சிரமம் உண்டா? பதில் நான்கு: இல்லை, கொஞ்சம், நிறைய, முடியவே இல்லை. வழக்கமாக "நிறைய" என்பதிலிருந்துதான் ஊனமாக எண்ணுவார்கள். கோட்டைக் "கொஞ்சம்" என்ற இடத்தில் போட்டால் என்ன ஆகும்? மேலே சொன்ன அதே நூறு பேரில் விழுக்காடு 20, 30, 50, 70, 80 என்று ஏறுவதாக வைத்துக்கொண்டு மறுபடி கூட்டிப் பாருங்கள், 13.9 இறங்கி 10.0 ஆகிவிடும். மனிதர்கள் அதே, முட்டி அதே, கேள்வியில் ஒரு சொல்தான் மாறியது. நான்கு வருடம் காணாமல் போகிறது. ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டோடு ஒப்பிட்டு எழுதும் செய்திகளை இதனால்தான் நான் நம்பிப் படிப்பதில்லை. ஜப்பான் தன் மக்களிடம் "உடல்நிலையால் அன்றாட வாழ்வில் தடை உண்டா" என்று கேட்டு 2019-க்கு ஆண்களுக்கு 72.68, பெண்களுக்கு 75.38 என்று சொன்னது. உலகச் சுகாதார நிறுவனம் அதே ஜப்பானுக்கு எடை போட்ட கணக்கில் 74.1 என்றது. இரண்டும் அருகருகே நிற்கின்றன என்பதற்காக இரண்டும் ஒரே பொருளை அளந்தவை ஆகிவிடாது.

நம் ஊரில் இன்னொரு தொல்லை, பதில் சொல்லும் விதம். தோட்டத்துப் பெரியவரிடம் "நடக்கச் சிரமமா ஐயா" என்று கேட்டால், "இல்லப்பா, வயசுக்குத் தகுந்த வலிதான்" என்பார். அவர் வீட்டுக்கும் ஒட்டுக்கடைக்கும் கோயிலுக்கும் தூரம் குறைவு. படிக்கட்டே இல்லாத வீடு. சிரமத்தை உணரும் சந்தர்ப்பம் அவருக்கு வருவதில்லை. அதே மனிதர் ஈப்போவில் மகன் வீட்டு நான்காம் மாடிக்குக் குடிபோனால் ஒரே வாரத்தில் "முடியவே இல்லை" ஆகிவிடுவார். குந்தி உட்காரும் கழிவறை உள்ள வீட்டில் முட்டி தேய்ந்தவர் ஊனமுற்றவர், நாற்காலிக் கழிவறையும் கைப்பிடியும் உள்ள வீட்டில் அவர் சுயமாக இருப்பவர். ஊனம் உடம்பில் பாதி, வீட்டில் பாதி. சமூகநல இலாகா மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கும் ஓ.கே.யூ. அட்டை எண்ணிக்கையை வைத்தும் இதை அளக்க முடியாது. அது தாமாக விண்ணப்பித்து, மருத்துவர் உறுதி செய்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே. 70 வயதில் கண் மங்கியவர்கள் அதற்குப் போய் வரிசையில் நிற்பது அரிது. இருப்பதில் நம்பத்தக்கது 2018-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றியது. குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்ற அடிப்படைக் காரியங்களில் சுமார் 17 விழுக்காட்டினர் பிறர் உதவியை நாடினார்கள். கடைக்குப் போவது, பணம் கணக்கிடுவது, மருந்தைச் சரியாக எடுப்பது போன்றவற்றில் 40 விழுக்காட்டுக்கு மேல். இரண்டாவது வகைதான் முதலில் போகும் என்பதை நினைவில் வையுங்கள், அப்பாவிடம் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

ஆயுள் நீள நீள, நோயோடு வாழும் காலம் சுருங்குகிறதா நீள்கிறதா என்பது இன்னும் தீராத வழக்கு. சுருங்கும் என்று 1980-இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஃபிரைஸ் வாதிட்டார். மருத்துவம் சாவைத் தள்ளிப்போட்டு நோயை நீட்டுகிறது என்று அதற்கு முன்பே ஆய்வாளர் குரூன்பெர்க் எழுதியிருந்தார். உலகக் கணக்கில் 2000 முதல் 2019 வரை இரண்டும் கூடின: ஆயுள் 66.8-இலிருந்து 73.3, ஆரோக்கிய ஆயுள் 58.3-இலிருந்து 63.7. ஆயுள் 6.5 ஆண்டு கூடியது, ஆரோக்கியம் 5.4 கூடியது. இடைவெளி சற்று அகன்றது. பிறகு கோவிட் வந்து 2021-க்குள் ஆயுளை 71.4-க்கும் ஆரோக்கிய ஆயுளை 61.9-க்கும் தள்ளிவிட்டது. இந்த விவாதத்தில் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

உறுதியாகத் தெரிந்ததற்கு வருகிறேன். நம் மக்களின் கை காலைப் பறிப்பவை பெரும்பாலும் நான்கு: பக்கவாதம், இனிப்புநீரால் வரும் கால் புண், அதே இனிப்புநீரால் கெடும் கண்ணும் சிறுநீரகமும், முட்டித் தேய்மானம். முதல் மூன்றுக்கும் வேர் ஒன்றே: 40-க்கும் 60-க்கும் இடையே கட்டுப்படாமல் ஓடிய சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும். 2019 தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், மலேசிய இந்தியர்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு. 2023 ஆய்வில் நாட்டின் விழுக்காடு 15.6 என்று வந்தது, இந்தியர்கள் அப்போதும் முன்வரிசைதான். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இனிப்புநீரால் சிறுநீரகம் கெட்டவர்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், போக வரும் நேரம் தனி. ஆயுள் கணக்கில் அப்படிப் போகிறவர் உயிரோடிருக்கிறார், ஊனமற்ற ஆண்டுக் கணக்கில் அவர் வாரத்தில் மூன்று நாளை இழந்துவிட்டார்.

ஆகவே அப்பா 11 வருட நோயாளி என்பதுதான் உங்கள் கடிதத்தில் 65.7-ஐவிட முக்கியமான எண். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) அவருடைய சிகிச்சைப் புத்தகத்தை எடுத்து நான்கு விஷயம் பாருங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்.பி.ஏ.1.சி. கடைசியாக எவ்வளவு? பெரும்பாலோருக்கு இலக்கு 7 விழுக்காட்டுக்குக் கீழே. 9, 10 என்று வருடக்கணக்கில் ஓடியிருந்தால் நரம்பில் ஏற்கெனவே சேதம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். சிறுநீரில் புரதம் பார்த்திருக்கிறார்களா? கண்ணின் விழித்திரையைப் படம் பிடித்தது எப்போது? உணர்ச்சி இருக்கிறதா என்று பாதத்தில் நைலான் இழையால் தொட்டுப் பார்த்தார்களா? இந்த மூன்றும் வருடத்துக்கு ஒரு முறை நடக்க வேண்டியவை. மாதாமாதம் மருந்து வாங்குகிறவர்கள்கூட கண் பரிசோதனைத் தேதியைத் தவறவிடுவது சாதாரணம். ஒரு நாள் கூலி போகும், கண் மருந்து ஊற்றினால் மோட்டார் சைக்கிளில் திரும்பி வர முடியாது. யாராவது கூடப் போனால் தீரும் பிரச்சினை இது. விழித்திரையில் வரும் மாற்றம் பார்வை மங்கும்வரை எந்த அறிகுறியும் காட்டாது, மங்கிய பிறகு திருப்பிக் கொண்டுவருவது கடினம். கண்புரை அப்படியில்லை, சிறு அறுவையில் பார்வை திரும்பிவிடும். இரண்டையும் "கண்ணு மங்குது" என்ற ஒரே சொல்லில் போட்டுவிடாதீர்கள்.

பாதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் செம்பனைக் காட்டில் கால் போவது இந்த வழியில்தான். மட்டை முள் பூட்ஸைத் துளைத்து உள்ளே நிற்கும். உணர்ச்சி உள்ளவன் இரண்டடியில் கழற்றிப் பார்ப்பான். உணர்ச்சி மரத்தவர் அன்று முழுவதும் அதன் மேல் நடப்பார். அதனால் தினமும் காலையில் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் ஊறும், பருத்தி காலுறை இரண்டு ஜோடி எடுத்துப் போய் நண்பகலில் மாற்ற வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சாதாரணச் சோப்பில் கழுவி, விரல் இடுக்கை உலர்த்தி, உள்ளங்காலை ஒரு கைக்கண்ணாடியில் பார்க்க வேண்டும், அல்லது அம்மா பார்க்க வேண்டும். கொப்புளம், சிவப்பு, வெடிப்பு, நிறம் மாறிய நகம் எது தெரிந்தாலும் அன்றே கவனிக்க வேண்டியது. வெந்நீரில் கால் ஊறவைப்பது கூடாது, மரத்த கால் வேகிறது என்று சொல்லாது. கால் ஆணியைப் பிளேடால் சீவக் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தை வளைத்துக் குடையக் கூடாது. வீட்டுக்குள்ளும் செருப்பு. நண்பகல் வெயிலில் கோயில் பிரகாரத்துச் சிமெண்டுத் தரையும் தைப்பூசத்துத் தார்ச் சாலையும் சுட்ட புண்கள் எத்தனையோ. தீமிதி நேர்த்திக்கடன் இருந்தால் வேறு வகையில் செலுத்தச் சொல்லி அப்பாவிடம் பேசுங்கள், ஐயரும் மறுக்கமாட்டார். புண் ஏற்பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவி, காய்ந்த துணிக்கட்டுப் போட்டு, மறுநாளுக்குள் கிளினிக். மஞ்சள், காப்பித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். அவை புண்ணை மூடி, உள்ளே சீழ் பிடிப்பதை மறைக்கின்றன. வலியே இல்லாமல் பாதம் வீங்கிச் சூடாகச் சிவந்தால் "சுளுக்கு" என்று எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம், அதே நாளில் காட்ட வேண்டும்.

இரத்தக் கொதிப்பை வீட்டிலேயே பாருங்கள், மேல்கையில் கட்டும் கருவி போதும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, பாதம் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காப்பியும் சிகரெட்டும் இல்லை. முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். சட்டையின் மேல் கட்டக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரி 135-க்கு 85-ஐத் தாண்டினால் கட்டுப்பாடு போதவில்லை. தேநீர் குடித்த கையோடு ஒரே ஒரு முறை எடுத்துவிட்டு, "நார்மல்தான்" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கிறது. மாத்திரையால் நார்மல் ஆனது, மாத்திரை நின்றால் ஏறும். "மாத்திரை அதிகம் போட்டால் கிட்னி போய்விடும்" என்ற பேச்சு எல்லாத் தோட்டத்திலும் உண்டு. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் கொதிப்பும். உண்மையில் கிட்னியைக் கெடுக்கக்கூடிய மாத்திரை, முட்டி வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபெனக் போன்றவை. வலி ஒரே நாளில் பறந்தது என்று புகழப்படும் பெயரில்லாத ஜாமு (நாட்டு மூலிகை மருந்து) உருண்டைகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். அது சர்க்கரையையும் ஏற்றும். அப்பாவுக்கு முட்டி வலி இரண்டு வருடம் என்றீர்கள். இந்த இரண்டு வருடம் அவர் என்ன விழுங்கினார் என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.

இனி அந்த ஐந்து வருடம். குலை ஒன்று 10 முதல் 25 கிலோ. உயர்ந்த மரத்தில் நீண்ட கம்பின் நுனியில் அரிவாள் கத்தி, கழுத்து பின்னால் சாய்ந்தபடி இழுக்க வேண்டும். விழுந்ததைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டு, சேற்றில் தள்ளிச் சாலை ஓரம் சேர்க்க வேண்டும், உதிரிப் பழத்துக்குக் குனிய வேண்டும். "நாள் முழுக்க உழைக்கிறவனுக்கு உடற்பயிற்சி எதற்கு" என்பார். உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றல்ல என்று டென்மார்க் முதலான இடங்களில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஓய்வு நேரத்து நடை இதயத்துக்கு நல்லது செய்கிறது, பளு தூக்கும் கூலி வேலை அந்த நன்மையைத் தருவதில்லை, சிலவற்றில் தீமையும் தெரிகிறது. இது முடிந்த தீர்ப்பு அல்ல. கடின வேலை செய்கிறவர்களின் வருமானம், புகைப்பழக்கம், தூக்கம் எல்லாம் வேறு என்பதால் எதனால் எது என்று பிரிப்பது கடினம். முட்டியைப் பொறுத்தவரை சந்தேகம் குறைவு: குந்துவதும் பளு தூக்குவதும் தேய்மானத்தை வேகப்படுத்தும். தொடைத் தசையை வலுவாக்குவதும் எடையைக் குறைப்பதும் வலியையும் முடக்கத்தையும் குறைக்கும். குளுக்கோசமைன் மாத்திரைக்கு ஆதாரம் பலவீனம், அந்தப் பணத்தில் மீன் வாங்கலாம்.

முடிவெடுக்கும் முன் வீட்டில் இரண்டு சோதனை செய்யுங்கள். கைப்பிடியில்லாத, சுமார் 43 செண்டிமீட்டர் உயரமுள்ள கடினமான நாற்காலியைச் சுவரோரம் சார்த்துங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது ஆணுக்கு 14-க்குக் கீழே, பெண்ணுக்கு 12-க்குக் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு. சோபாவில் செய்வதும் கை ஊன்றியதை எண்ணுவதும் சோதனையைக் கெடுக்கும். அடுத்தது, நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி? 12 வினாடி அல்லது அதற்கு மேல் என்றால் விழும் ஆபத்து உண்டு. குலை வெட்டும் ஆள் இரண்டிலும் எளிதாகத் தேற வேண்டும். தேறவில்லையென்றால் அவர் கை பலத்தாலும் பழக்கத்தாலும் காலின் பலவீனத்தை மறைத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். என் கருத்தைக் கேட்டால்: பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தாலோ விழித்திரையில் மாற்றம் இருந்தாலோ 60-க்குப் பிறகு குலை வெட்டு வேண்டாம். நாற்று மேடையோ காவலோ பார்க்கட்டும். இரண்டும் நன்றாக இருந்து, எச்.பி.ஏ.1.சி.யும் கொதிப்பும் கட்டுக்குள் இருந்தால், வேலையை நிறுத்துவதால் மட்டும் ஆரோக்கியம் வந்துவிடாது. வேலையை விட்டு ஒட்டுக்கடைப் பெஞ்சில் தேத்தண்ணியும் சிகரெட்டுமாக உட்கார்ந்தவர்களுக்குக் கால் இன்னும் சீக்கிரம் போகிறது.

கான்ட்ராக்டரிடம் போவதில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள், சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு. வேலை செய்ய இயலாமைக்கான ஓய்வூதியத் திட்டத்துக்கு 60 வயது நிறைவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். நிரந்தர நோயால் வழக்கமான சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட முடியாத நிலை என்று மருத்துவக் குழு ஒப்ப வேண்டும். முழு ஓய்வூதியத் தகுதிக்கு, விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதத்தில் குறைந்தது 24 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆகவே அப்பாவுக்குக் கண்ணோ சிறுநீரகமோ ஏற்கெனவே மோசமாக இருந்தால், அதைக் கண்டுபிடிக்கும் நேரம் இந்த இரண்டு வருடம்தான். 61-இல் கண்டுபிடித்தால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். 60-க்கு மேல் வேலைக் காய ஈட்டுறுதி தொடரும், ஆனால் முதலாளி சந்தா கட்டினால்தான் சிக்கலில்லை. ரொக்கக் கூலி கொடுக்கும் கான்ட்ராக்டர்கள் பலர் கட்டுவதில்லை. குடும்பம் பி40 (வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டுக் குடும்பங்கள்) உதவி பெறுவதாக இருந்தால், 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனையும் உண்டு.

"இந்தியர்களுக்கு ஆயுளே குறைவாமே" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். இந்நாட்டுப் பதிவேட்டில் சீனர்களின் ஆயுள் உயர்ந்தும் இந்திய ஆண்களின் ஆயுள் மிகத் தாழ்ந்தும் இருப்பது உண்மை. ஓரளவு உடல்வாகும் காரணம். நமக்கு மெலிந்த உடம்பிலேயே சர்க்கரை வருகிறது, அதனால்தான் உடல் எடைக் குறியீட்டின் எல்லையை ஆசியர்களுக்கு 25-இலிருந்து 23-க்கு இறக்கியிருக்கிறார்கள். ஆணுக்கு இடுப்பளவு 90 செண்டிமீட்டர், பெண்ணுக்கு 80. ஆனால் பரம்பரை இரத்தத்தை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ஒரே இனத்தவர் பெரும்பான்மையாக வாழும் இங்கிலாந்தில், மிக ஏழைப் பகுதிக்கும் மிக வசதியான பகுதிக்கும் ஆரோக்கிய ஆயுளில் ஏறத்தாழ 19 ஆண்டு இடைவெளி. ஆயுள் இடைவெளி அதில் ஏறத்தாழ பாதிதான். வறுமை உயிரைப் பறிப்பதைவிட அதிகமாகக் கை காலைத்தான் பறிக்கிறது.

அம்மாவைப் பற்றி "அவருக்கு ஒன்றுமில்லை, 55 வயது" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். உலகெங்கும் பெண்கள் ஆண்களைவிடச் சுமார் 5 ஆண்டு அதிகம் வாழ்கிறார்கள், ஆனால் ஆரோக்கிய ஆயுளில் அவர்களுடைய முன்னிலை இரண்டரை ஆண்டுக்கும் குறைவு. கூடுதலாகக் கிடைக்கும் காலத்தில் பாதிக்கு மேல் முடக்கத்தோடு கழிகிறது. அப்பாவுக்கு ஏதாவது ஆனால் தூக்கி உட்கார வைக்கப்போகிறவரும் அவர்தான். எந்த மாத்திரையும் எடுக்காததால் அவருக்கு ஒன்றுமில்லை என்கிறீர்களா, அல்லது பரிசோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்கிறீர்களா? அந்த நாற்காலிச் சோதனையை அவருக்கும் செய்யுங்கள். அப்பாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும் நாளில் அவரையும் வெறும் வயிற்றோடு கூட்டிப் போங்கள். காலைச் சர்க்கரை 7.0 மில்லிமோலை எட்டினால் அவருக்கும் ஒரு புத்தகம் போடுவார்கள்.